டேங்க் மூடிமேல் நாற்காலி

இன்று காலை சுங்குவார்சத்திரத்தில், நான் வார்டனாக இருக்கும் லேடீஸ் ஹாஸ்டலின் செப்டிக் டேங்க் மூடிமேல் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

சுத்தம் செய்ய லாரி வந்திருந்தது. ஹோஸ் உறிஞ்சவில்லை. இங்கே தங்கியிருக்கும் கம்பெனிப் பெண்கள், வேலையில் தலைமுடிக்கு மாட்டும் நீலத் தொப்பிகளைக் கழிப்பறையில் போட்டதில் அடைத்துக்கொண்டது.

லாரிக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு, செல்போனை என்னிடம் நீட்டினார்.

"இத்த புடிம்மா. அஞ்சு நிமிஷத்துல எறங்கி எடுத்துட்டு வந்துடறேன்."

"உள்ள காஸ் இருக்கும்ணே!"

"மூடி தொறந்து எம்மா நேரம் ஆச்சு? நாத்தமே இல்ல பாரு. காஸ்லாம் போயிடுச்சு."

மூக்கிலிருந்து துப்பட்டாவை எடுத்தேன். உண்மைதான். சற்று முன்வரை குடலைப் பிடுங்கிய அழுகிய முட்டை நாற்றம் எனக்கும் தெரியவில்லை.

முன்பு நானும் கம்பெனி லைனில் வேலை பார்த்தபோது சேஃப்டி ட்ரெய்னிங்கில் சொல்லியிருந்தார்கள்: இந்த நாற்றம் திடீரென்று தெரியாமல் போனால், போனது காஸ் இல்லை, நம் மூக்கு.

அவர் ஒரு காலை உள்ளே விட்டிருந்தார்.

தோளைப் பிடித்து இழுத்தேன். மூடியைத் தள்ளி மூடி, அதன்மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னாம்மா, பைத்தியமா நீ?" என்றார் அவர்.

"அவன் தினம் பண்ற வேலதானே, உனக்கு இன்னா?" என்றார் போனில் ஹாஸ்டல் ஓனர்.

நான் எழுந்திருக்கவில்லை.

ஆள் இறங்காமலே அடைப்பை எடுக்கும் பெரிய மெஷின் நாளைதான் வருமாம்; அதுவரை ஹாஸ்டல் கழிப்பறைகளைப் பயன்படுத்த முடியாது. மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்து நாற்பது பெண்கள் வருவார்கள். பக்கத்தில் வீடு இருப்பவர்கள் இன்று மட்டும் கழிப்பறையைத் திறந்துவிடுவீர்களா? தொப்பிகளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறேன்.