திரை போட்டிருக்கிறது

காஞ்சிபுரத்துச் செவிலிமேட்டில் எங்கள் வீட்டுப் பின்னறைதான் என் ஆபீஸ். மென்பொருளில் பிழை தேடும் வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். நானோ பட்டு நெய்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, சூரத்துச் சேலை வீடியோ பார்த்தே பாதிப் பகலைத் தொலைத்தேன். மேலாளர் ஒருமுறை கண்டித்தும் ஆயிற்று. இன்னொரு முறை என்றால் வேலை போய்விடும்.

அப்போதுதான் ஒரு சின்ன நிரலைக் கணினியில் போட்டேன். படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்பு ஜன்னலில் ஒரு வரி தட்டினால், நான் எழுதிவைத்த இணையதளங்களெல்லாம் மூடிக்கொள்ளும். சொன்ன நேரம் முடியும்வரை கெஞ்சினாலும் திறக்காது. எனக்கு அப்படி ஒரு முரடுதான் தேவைப்பட்டது. அந்தக் கட்டளைக்குத் ‘திரை’ என்று பெயர் வைத்தேன்.

முதல் நாளே மாமியார் எட்டிப் பார்த்தார். "இன்னாமா, வீடியோ சத்தமே காணோம்?"

"திரை போட்டிருக்கேன் அத்தை."

சொல்லி முடிப்பதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாள் கோயிலுக்கு வாரம் தவறாமல் போகிறவர். சன்னதியில் திரை போட்டால் உள்ளே நைவேத்தியம் நடக்கிறது என்று அர்த்தம். பேசாமல் காத்திருக்க வேண்டும். மறுநாள் நான் அந்த வரியைத் தட்டப் போகும்போது, ஒரு தட்டில் சுண்டலும் ஒரு டம்ளர் மோரும் மேசைக்கு வந்துவிட்டன.

"எதுக்கு அத்தை இதெல்லாம்?"

"நெய்வேத்தியம் வெக்காம யாராச்சும் திரை போடுவாங்களாமா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. வாசலில் கீரைக்காரம்மாவை, "கத்தாத, உள்ள திரை போட்டு இருக்குது, அப்பால வா" என்று அதட்டுவது கேட்டது.

அதன்பிறகு தினமும் தட்டு வந்தது, வேலையும் ஓடியது. அத்தைக்குப் பேச்சு என்றால் உயிர். என் கணவர் காலை பஸ்ஸைப் பிடித்தால் இருட்டித்தான் திரும்புவார். பகலில் அத்தைக்குப் பேச்சுத் துணை நான் ஒருத்திதான். மூட வேண்டிய தளங்களின் பட்டியலில் நான் அவரை எழுதவே இல்லை. அவராகவே வாயை மூடிக்கொண்டு அதில் போய்ச் சேர்ந்துகொண்டார்.

ஆறாம் மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் ஆபீஸ் மெயில் வந்தது. நிரந்தரமாக்கிவிட்டார்கள். திரை விலக இன்னும் நேரம் இருந்தது, நிரல் மசியாது. ஆனால் அறைக் கதவு என் கையில்தானே இருக்கிறது? திறந்துகொண்டு ஓடினேன்.

கூடத்தில் அத்தை டிவியைச் சத்தமே இல்லாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, நடுவுல தொறந்துட்ட?" என்று பதறினார்.

"வேலைய நிரந்தரம் பண்ணிட்டாங்க அத்தை!"

ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார்.

"அப்ப, இனிமே பகல்ல நாம பேசிக்கினு இருக்கலாமா?"