ஸ்ரெல்லாவின்ரை மனுசன்

யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கரையில் கனிசியசின் கை படாத படகு எஞ்சின் கிடையாது. பழுது பார்ப்பது அவன் தொழில். ஆனால் கழற்றியதைப் பழையபடி பூட்டிக் கொடுப்பதில் அவனுக்கு ஒருநாளும் திருப்தி வந்ததில்லை. எதையாவது மாற்றிப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது. வற்று நேரத்தில் எஞ்சினின் விசிறி நிலத்தில் தட்டி முறிந்துபோகும். தட்டிய கணத்திலேயே எஞ்சின் தானாக ஓய்ந்துவிடும்படி ஒரு சுருள்வில்லும் கம்பியும் வைத்து அவன் ஒரு பூட்டுச் செய்தான். அது நன்றாக வேலை செய்தது. கரையில் நின்ற சனம் கை தட்டியது.

யாராவது பார்த்துச் செய்துவிடுவார்கள் என்ற பயம் அன்றைக்கே அவனைப் பிடித்துக்கொண்டது. எண்பத்து நாலில், முந்தின வருடக் கலவரத்தின் சூடு ஆறாத நேரத்தில், அந்தப் பூட்டைத் துவாயில் சுற்றிக்கொண்டு யாழ்தேவி ரயில் ஏறினான். கொழும்பில் ஆக்கவுரிமை பதிகிற கந்தோரில் இருந்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார். யப்பானில் ஒரு கம்பனி இதே யோசனைக்குப் பல வருடங்களுக்கு முன்பே பேட்டன்ற் எடுத்துவிட்டது என்று படத்தையும் காட்டினார். வில்லு இருந்த இடம்கூட அதேதான்.

திரும்பி வந்தவன் அந்தப் பூட்டை யாருக்கும் பூட்டிக் கொடுக்கவில்லை. முகம் தெரியாத ஒரு யப்பான்காரன்மேல் அவனுக்கு வந்த பொறாமை வருடக் கணக்காக ஆறவில்லை. “அவனுக்கென்ன, பெரிய பட்டறை, பெரிய கம்பனி,” என்று சாப்பிடும்போது திடீரென்று சொல்வான். மனைவி ஸ்ரெல்லா குழம்பை ஊற்றுவாள்.

தொண்ணூறில் சண்டையால் பாதை மூடி மண்ணெண்ணெய் வருவது நின்றது. எஞ்சின்கள் கிடுகு மூடிக் கிடந்தன. தோணிகளுக்குப் பாய் திரும்பி வந்தது. பாய்க்குக் கனிசியஸ் தேவையில்லை. அவன் பட்டறைக்குள் திருகுச் சாவிகளை எண்ணெய் போட்டுத் துடைப்பதும் திரும்ப அடுக்குவதுமாக இருந்தான்.

அடுத்த மாரியில்தான் அது நடந்தது. விறகு தட்டுப்பாடான காலம். ஸ்ரெல்லா முற்றத்தில் ஒரு பழைய பால்மாத் தகரப் பேணிக்குள் ஊமலையும் சிரட்டைத் துண்டுகளையும் போட்டு எரித்து உலை வைப்பாள். கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சும் பனங்கொட்டைக் கோதுதான் ஊமல். அதன் புகை கண்ணைப் பிடுங்கும். அன்றைக்கு அப்போதுதான் மேலே கொள்ளி வைத்திருந்தாள். சடாரென்று மழை இறங்கியது. பேணியைக் குறட்டால் தூக்கி, பக்கத்தில் கிடந்த, அடி ஓட்டையான பெரிய பிஸ்கற் தகரத்துக்குள் இறக்கி, அப்படியே குசினித் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிட்டு, கொடியில் காய்ந்த சீலையை எடுக்க ஓடினாள். வந்து பார்த்தால் புகையைக் காணவில்லை. பேணியின் வாய்க்குக் கீழே கறள் தின்ற ஓட்டைகள் இருந்தன. அந்த ஓட்டை ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சுவாலை, புகையையே தின்றுகொண்டு, உள்ளே பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

வேறொருத்தி என்றால் உலையை ஏற்றிவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். ஸ்ரெல்லா பேணியை வெளியே எடுத்தாள். புகைந்தது. திரும்ப உள்ளே வைத்தாள். புகை நின்றது. பிறகு பல நாட்களாக ஆணியும் சுத்தியலுமாக இருந்து, மேலே எத்தனை ஓட்டை, கீழே எத்தனை ஓட்டை, இரண்டு தகரத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

அடுத்த வீட்டு மரியநாயகி முதலில் ஒன்று கேட்டாள். பிறகு அவளுடைய தங்கை. பிறகு குருநகரிலிருந்து சனம் தகரத்தைத் தூக்கிக்கொண்டே வந்தது. “ஸ்ரெல்லா அடுப்பு” என்று பெயரும் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைப் பிரசங்கத்தில் பங்குச் சுவாமி அதைச் சொன்னபோது, ஆண்கள் பக்கம் இருந்த கனிசியஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வரும்போது யாரோ ஒருவன் இன்னொருவனுக்கு அவனைக் காட்டி, “உவர்தான் ஸ்ரெல்லாவின்ரை மனுசன்,” என்றான்.

அந்தச் சொல் அவனுக்குள் தூண்டில் முள் போல மாட்டிக்கொண்டது. அவ்வளவு காலமும் அவள்தான் கனிசியசின்ரை மனுசி.

அவனும் ஒரு அடுப்புச் செய்தான். இரும்புக் குழாய், காற்றைக் கூட்டிக் குறைக்கத் திருகு, தூக்கப் பிடி எல்லாம் வைத்து, பார்க்கக் கப்பல் சாமான் மாதிரி இருந்தது. ஆனால் நெருப்புப் பிடிக்க மறுத்தது. ஸ்ரெல்லா எட்டிப் பார்த்து, “திருகைக் கழட்டிப் பாருங்கோவன்,” என்றாள். “உன்ரை வேலையைப் பார்,” என்று அவன் பாய்ந்தான்.

கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒருத்தியால் ஓட்டை போட்டு முடியவில்லை. உதவிக்கு அவனைக் கூப்பிட்டாள். அவன் மறுக்காமல் செய்தான். அந்த முறை கொடுத்த அடுப்புகள் எல்லாம் புகைந்தன. மரியநாயகி இருமிக்கொண்டே ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தாள். மேல் ஓட்டைகள் நான்கு விரல் கீழே இறங்கியிருந்தன. வரிசையாக, ஒரே அளவாக, துப்புரவாக.

மரியநாயகி போன பிறகு ஸ்ரெல்லா அந்தப் பேணியை அவன் முன்னால் வைத்தாள்.

“பிழையா வெட்டிறதுக்கு உங்கடை கைக்குத் தெரியாது. வேணுமெண்டுதான் வெட்டியிருக்கிறியள்.”

“ஓம்,” என்றான் கனிசியஸ்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் புதுத் தகரம் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஓட்டை போடத் தொடங்கினாள். அவனிடம் அதன் பிறகு உதவி கேட்கவில்லை.

பேட்டன்ற் பேச்சை எடுத்தது சுவாமிதான். “கொழும்பில எவனாவது இதைப் பதிஞ்சுபோட்டு எங்களுக்கே விப்பான். ஆராவது போங்கோ,” என்றார். பிள்ளைகளை விட்டுவிட்டு ஸ்ரெல்லாவால் போக முடியாது. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போகும் பாசும் ஒருவருக்குத்தான் கிடைத்தது. கனிசியஸ் போனான். கிளாலியில் படகேறி, அங்கால் பக்கம் லொறியில் குலுங்கி, வவுனியாவில் வரிசையில் நின்று கொழும்பு சேரும்வரை அந்த அடுப்பு அவன் மடியில் இருந்தது. சோதனைச் சாவடிகளில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். “என்ன இது?” என்று கேட்டவர்களிடம், “நான் செய்த அடுப்பு,” என்று சொன்னான். முதல் தடவை சொல்லும்போது நாக்குத் தடக்கியது. பிறகு தடக்கவில்லை.

வெள்ளவத்தையில் தம்பிஐயா என்று ஒரு சட்டத்தரணி. சுவாமியின் பழைய சிநேகிதர். அடுப்பைக் கண்டதும் மனிதருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பேனையைத் திறந்தார்.

“கண்டுபிடிச்சவரின்ரை பேர்?”

“கனிசியஸ்.”

எழுதினார். “எப்பிடி உந்த யோசனை வந்தது? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ. உங்கடை வாயாலை வாறதுதான் வேணும்.”

ஸ்ரெல்லா எத்தனையோ பேருக்குச் சொல்லி அவன் கேட்ட கதை அது. கேட்கக் கூடாது என்று பட்டறைக்குள் இருந்துகொண்டே ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறான். சொல்லத் தொடங்கினான். “ஊமல் புகைஞ்சுகொண்டிருந்தது. டக்கெண்டு மழை. பேணியைத் தூக்கித் தகரத்துக்குள்ளை வைச்சிட்டு, கொடியில காய்ஞ்ச என்ரை சீலையை எடுக்க ஓடினன்...”

தம்பிஐயாவின் பேனை நின்றது. “உங்கடை சீலையோ?”

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டே நாளாகிவிட்டது. கனிசியசுக்கு வேர்த்தது.

“இல்லை ஐயா. என்ரை மனுசியின்ரை சீலை. அவதான் கண்டுபிடிச்சவ. ஸ்ரெல்லா எண்டு எழுதுங்கோ.”

தம்பிஐயா புதுத் தாள் எடுத்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கனிசியசுக்குத் தோன்றியது.

ஸ்ரெல்லா கையெழுத்து வைக்க வேண்டிய தாள்களோடு ஊருக்கு வந்தான். அன்று பின்னேரமே அவளிடம் சொன்னான்.

“முதல் என்ரை பேரைத்தான் குடுத்தனான்.”

“பிறகு?”

நடந்ததைச் சொன்னான். சீலை இடத்துக்கு வந்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகு அவள் முகம் இறுகியது.

“சீலை எண்டு வாயில வராட்டி அப்பிடியே விட்டிருப்பியள், என்ன?”

அவள் தாள்களை விளக்கடிக்கு எடுத்துப் போய், ஒவ்வொன்றிலும் தன் பெயரை முழுதாக, பெரிய எழுத்தில் எழுதினாள். சுவாமி கொழும்புக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுத்தார். விண்ணப்பம் ஏற்கப்பட்டது, ஆராய நாட்செல்லும் என்று ஒரு பதில் வந்தது. அதன் பிறகு போன தபால்களுக்கு என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி முன்னேறி வர, யாழ்ப்பாணம் முழுவதும் எழும்பி நடந்தது. கனிசியஸ் குடும்பமும் கொட்டுகிற மழையில் நாவற்குழிப் பாலம் தாண்டிக் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஒதுங்கியது. ஈரம் காய்ந்த முதல் நாள் அவன் சந்தைப் பக்கம் போனான். அங்கே ஒரு புளியமரத்தடியில் வயதான ஒருவர் தகரப் பேணிகளுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். சுற்றி ஒரு கூட்டம். சுன்னாகப் பக்கத்துத் தோட்டக்காரர் கதிரவேலு என்று சொன்னார்கள்.

“ஆரிட்டையண்ணை உதைப் பழகினனீங்கள்?” என்று கனிசியஸ் கேட்டான்.

“பழகிறதோ? நானா யோசிச்சுச் செய்தது, தம்பி.”

கனிசியசுக்குத் தலைக்குள் ஏறிவிட்டது. “பொய் சொல்லாதேங்கோ! உது என்ரை மனுசியின்ரை அடுப்பு! பாசையூர் ஸ்ரெல்லா! கொழும்பில பேர் பதியக் குடுத்திருக்கு!” சந்தை திரும்பிப் பார்த்தது. யப்பான்காரனைப் பார்த்துக் கத்த முடியாமல் போனதெல்லாம் அந்தக் கிழவன்மேல் இறங்கியது.

யாரோ ஓடிப்போய் ஸ்ரெல்லாவைக் கூட்டி வந்தார்கள். அவள் கணவனை விலக்கிவிட்டுக் கதிரவேலுவின் அடுப்பைக் கையில் எடுத்தாள். வெளித் தகரத்தின் உட்புறத்தில் களிமண் பூசியிருந்தது. ஓட்டைகள் சற்றே சரிவாக இருந்தன.

“உந்த மண் ஏன் அப்பு பூசினனீங்கள்?”

“சூடு வெளியிலை போகாது, பிள்ளை. தோட்டத்தில புகையிலைக்குப் புகை போடேக்கை பார்த்தது.”

“ஓட்டையைச் சரிச்சது?”

“நெருப்புச் சுத்தி எரியுது. வைச்சுப் பாரும்.”

ஸ்ரெல்லா சீலையைச் செருகிக்கொண்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த மனிதர் உண்மையிலேயே தானாகத்தான் கண்டுபிடித்திருந்தார் என்பது அவளுக்கு இரண்டு கேள்வியில் தெரிந்துவிட்டது. அவள் வாயிலிருந்து இடைவெளி, காற்று, ஊமல், கறள் என்று சொற்கள் கொட்டின. கிழவர் தலையாட்டினார், மறுத்தார், ஈர்க்கினால் மண்ணில் கீறிக் காட்டினார். அவள் அதை அழித்துத் தன் படத்தைக் கீறினாள்.

கனிசியஸ் நின்று பார்த்தான். இத்தனை வருடத்தில் அவள் தன்னோடு ஒருநாளும் இப்படிக் கதைத்ததில்லை. கதைக்க அவன் விட்டதுமில்லை. நெஞ்சுக்குள் பழைய எரிச்சல் கிளம்பியது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு பேணி ஒன்றையும் ஆணி ஒன்றையும் எடுத்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் நடுவில் போய்க் குந்தி, “மேல் ஓட்டை எவ்வளவு உயரத்திலை வரோணும்?” என்று அவளிடம் கேட்டான்.