சிலுவை இல்லாத மலை

வெளிநாடு போய்வந்த எங்கள் தேவாலயப் பங்குச்சாமியார் வீட்டுக்கு ஒரு காலண்டர் கொடுத்திருந்தார். அதில் ஒரு தாளை மட்டும் நான் கிழிக்க விடவில்லை. பழைய எண்ணெய் ஓவியம் ஒன்றின் அச்சு அது. வெண்பனி மூடிய பள்ளத்தாக்கு, கிளை முறிந்த ஒரு மரம், பின்னால் ஒற்றை மலை. மனிதர் யாரும் இல்லை. மகள் தவழத் தொடங்கியிருந்த சமயம். திண்டுக்கல்லில் என் கணவர் வீட்டில் யாராவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தப் படத்துக்குள் என்னைக் கூப்பிட ஆளில்லை. அதனால்தான் அதை வரைய ஆசைப்பட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படிச் சொல்லத் தைரியமில்லை. சும்மா கற்றுக்கொள்ளத்தான் என்றேன்.

என் மாமியார் கெட்டவர் இல்லை. பிரசவத்துக்குப் பின் என்னைத் தாயைப் போலப் பார்த்துக்கொண்டவர். ஆனால் எதற்கும் ஒரு பயன் இருக்க வேண்டும் அவருக்கு. "வரையிறதுன்னா ஒரு மாதா படம் வரையேன். ஆளில்லாத காட்ட எதுக்கு இம்புட்டுப் பெருசா வரையிற?" என்பார். நான் ஹார்டுபோர்டில் வெள்ளை பூசிக்கொண்டிருப்பேன்.

வண்ணம் கரைக்க டர்பன்டைன் வாங்கி வைத்திருந்தேன். மகளுக்கு இருமல் வந்தது. "அந்த டர்பன்டைன் நாத்தந்தேன் பிள்ளைக்குச் சேரல" என்றார் மாமியார். வெறும் சளி என்றார் டாக்டர். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. எண்ணெய் வண்ணத்தை எந்த எண்ணெயில் கரைத்தால் என்ன என்று, பிள்ளைக்குத் தேய்க்கும் நல்லெண்ணெயில் கரைத்தேன். அது கெடுதல் செய்யாது அல்லவா? கெடுதல் செய்யவில்லை. காயவும் இல்லை. வாரக்கணக்கில் ஈரமாகவே நின்றது. என் கணவர் வேடசந்தூர் நூல் மில்லில் வேலை பார்த்தார். சட்டையோடு அவர் கொண்டுவரும் பஞ்செல்லாம் என் வானத்தில் ஒட்டியது. "பரவால்லயே, இப்பத்தேன் நெசமாவே பனி பெய்யுது!" என்று மாமியார் சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் அத்தனையையும் கத்தியால் சுரண்டி எறிந்தேன்.

மறுபடி டர்பன்டைன் வாங்கி, மாடியில் வைத்து வரைந்தேன். குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தொடுவேன். எதிரே சிறுமலை வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். நான் பார்த்தேயிராத பனியைத் தீட்டுவேன். கறுப்பும் வெள்ளையும் கலந்தால் சாம்பல்தான் வந்தது. வெள்ளையில் நீலமும் துளி செங்கல் நிறமும் சேர்த்தபோது பனி தானே இறங்கியது. அன்று பிள்ளை அழுதது எனக்குக் கேட்கவில்லை. கீழே மாமியார் தூக்கி வைத்திருந்தார். அது எப்படிக் கேட்காமல் போயிற்று என்று இன்றும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

படம் முடிந்து காய்ந்த சமயம், எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். தெருவில் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் ஜெபிக்க வரும் நாள். காலையில் மாமியார் படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"மல உச்சியில சின்னதா ஒரு சிலுவை மட்டும் போட்டுரும்மா. நானே ஹால்ல மாட்டுறேன். எம் மருமக வரஞ்சதுன்னு நாலு பேர்ட்ட சொல்லுவேன்ல?"

அது அவர் நீட்டிய கை என்று தெரிந்தது. பிரஷில் பழுப்பைத் தொட்டும் விட்டேன். இரண்டு கோடுகள், அவ்வளவுதான். சிலுவையை மறுப்பது பாவமோ என்றுகூடப் பயந்தேன். ஆனால் அந்தக் கோடுகள் விழுந்தால் மலை அவருடையதாகிவிடும். பிரஷைத் துடைத்தேன்.

"வேணாம்த்தே. இது இப்பிடியே இருக்கட்டும்."

"அப்ப ஹால்ல எடமில்ல."

அவர் சமையலறைக்குப் போனதும் ஹாலில் நானே ஆணி அடித்தேன். சத்தம் கேட்டிருக்கும்; அவர் வரவில்லை. மாலையில் ஜெபம் முடிந்ததும் ஒரு பெண்மணி, "என்னக்கா, சாமியும் இல்ல, ஆளும் இல்ல, இது யாருக்கு?" என்றார். மாமியார் காப்பித் தட்டோடு என் பக்கம் திரும்பினார். "வரஞ்சவளக் கேளு."

"எனக்கு" என்றேன்.

மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். ஒரு சிலுவை இருந்திருந்தால் நிறைவாக இருந்திருக்கும் என்று மாமியார் இன்னும் சொல்கிறார். சில நாள் எனக்கும் அப்படித் தோன்றுகிறது. ஆனாலும் அதைப் போடப் பிரஷை எடுப்பதில்லை.