மஞ்சள் தடவிய செக்

என் அக்கா செக் எழுத உட்கார்ந்தால் வீட்டில் யாரும் பேசக்கூடாது. மேசையைத் துடைப்பாள், மின்விசிறியை நிறுத்துவாள், பேனா எழுதுகிறதா என்று பழைய பேப்பரில் கிறுக்கிப் பார்ப்பாள். அப்புறம்தான் செக்கில் பேனா படும். காய்கறி வண்டிக்காரர்கூட செல்போனில் பணம் வாங்குகிற மட்டாஞ்சேரியில், மாதா மாதம் வீட்டு வாடகைக்குச் செக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

"போன்ல அனுப்பினா அது எங்க போய்ச் சேருதுன்னே எனக்கு மனசிலாகல்லைடி. கையில குடுத்தாத்தான் குடுத்த மாதிரி இருக்கு" என்பாள். நான் தேவராவில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறவள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். அவள் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும்தான் அவள் வீடு. கல்யாணமாகி வந்து இறங்கியது அங்கேதான், அத்தான் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். அவர் போன பிறகு சாம்பார் பொடியும் ரசப்பொடியும் அரைத்துக் கடைகளுக்குப் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தாள். வீட்டின் சொந்தக்காரர் மலையாளி, வெளிநாட்டில் இருந்தார்; வாடகைச் செக்கை அவருடைய தம்பி வந்து வாங்கிக்கொள்வார். போன வருஷம் லீவில் வந்தவர், வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். ஹோம்ஸ்டே நடத்தக் கேட்டு ஒருவர் ஏற்கனவே அலைந்துகொண்டிருந்தார்.

"சேச்சிக்கு வேணமெங்கில் சேச்சிக்குத்தன்னெ" என்று வீட்டுக்காரர் முதலில் அக்காவிடம்தான் கேட்டார். நல்ல மனுஷன். ஆனால் அவருக்கும் விமானம் காத்திருந்தது. செக் கொடுக்கிற நாளுக்கு மறுநாள் காலையில் பத்திரப்பதிவு, அந்த ராத்திரியே பயணம். அதற்கு முன்னால் பணம் அவர் கணக்கில் விழுந்துவிட வேண்டும். விழாவிட்டால் வீடு ஹோம்ஸ்டேக்காரருக்குப் போகும். இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை, சங்கடப்பட்டுக்கொண்டுதான் சொன்னார்.

அக்கா அசரவில்லை. பொடி விற்ற காசும் அத்தானுடைய பி.எஃப். பணமுமாகச் சேர்ந்திருந்தது. காலையில் குளித்து, செக் எழுதி, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன்னால் சமையற்கட்டுக்குள் போய், மஞ்சளைக் குழைத்து செக்கின் நான்கு மூலையிலும் தொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். கல்யாணப் பத்திரிகையோ புதுத்துணியோ, நல்ல காரியம் என்றால் மூலையில் மஞ்சள் வைக்காமல் எங்கள் வீட்டில் எதுவும் வாசல் தாண்டாது. வாடகைச் செக்கில் அவள் ஒருநாளும் வைத்ததில்லை. இது வீடு வாங்குகிற செக். பக்கத்தில் நின்று பார்த்த எனக்கும், சொன்னால் வெட்கம், அது இயல்பாகத்தான் தோன்றியது.

மத்தியானம் ஆபீஸில் இருந்தபோது வீட்டுக்காரர் போன் செய்தார். "செக் பாஸாயிட்டில்ல. சேச்சியெயும் கூட்டி வேகம் பேங்கில் வா" என்றார்; செக்கை வங்கி நிறுத்திவிட்டதாம். அக்காவுக்கும் அவருக்கும் ஒரே கிளையில்தான் கணக்கு. வங்கியிலிருந்து அக்காவை மூன்று நான்கு தடவை கூப்பிட்டார்களாம், அவள் எடுத்து எடுத்து வைத்துவிட்டாளாம். வைக்கத்தானே செய்வாள்? வங்கி என்று சொல்லி யார் கூப்பிட்டாலும் பேசாதே, எல்லாம் களவாணிக் கூட்டம் என்று அவளுக்குப் பாடம் படித்துக் கொடுத்தவள் நான்தான். தலையில் அடித்துக்கொண்டு ஆட்டோ பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா பொடி கலந்துகொண்டிருந்த கையைக் கழுவிக்கொண்டு அப்படியே கிளம்பி வந்தாள். வங்கியில் எங்கள் எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி சின்னப் பெண், மலையாளி. பெரிய தொகைக்குச் செக் கொடுத்தால் வங்கிக்கு முன்கூட்டியே விவரம் சொல்லியிருக்க வேண்டும், நீங்கள் சொல்லவில்லை என்றாள். அதுகூடப் பரவாயில்லை, செக்கில் கறை இருக்கிறது என்றாள். எழுதியதை மருந்து வைத்து அழித்துவிட்டு வேறு பெயரும் வேறு தொகையும் எழுதுகிற கூட்டம் ஒன்று இருக்கிறதாம். மருந்து பட்ட இடம் கள்ளநோட்டு பார்க்கிற நீல விளக்கில் காட்டிக்கொடுத்துவிடுமாம். இந்தச் செக் அந்த விளக்கில் வேறு மாதிரித் தெரிவதால் அக்காவின் கணக்கையே நிறுத்தி வைத்திருந்தார்கள். சந்தேகம் தீராமல் வேறு எந்த வழியிலும் பணம் போகாது.

"அது மஞ்சளாக்கும்" என்றாள் அக்கா.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. மஞ்சள் என்று நீங்கள் சொல்கிறீர்கள், நான் எதை வைத்து நம்புவது என்றாள். எனக்குச் சுரீரென்று ஏறிவிட்டது. இருபது வருஷத்துக்கு மேலாக இங்கே கணக்கு வைத்திருக்கிறவளைத் திருடி மாதிரி உட்கார வைத்திருக்கிறீர்களே என்று குரலை உயர்த்தினேன். பக்கத்து நாற்காலியில் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் எங்களைப் பார்க்காததுமாக இருந்தார். அந்தப் பெண் செக்கை எடுத்து விளக்குக்கு அடியில் வைத்து, நீங்களே பாருங்கள் என்று விளக்குப் பெட்டியை எங்கள் பக்கம் திருப்பினாள்.

நான்கு மூலைகளும் பச்சையும் மஞ்சளுமாக எரிந்துகொண்டிருந்தன. மூலைகளோடு நிற்கவுமில்லை. காகிதத்தைப் பிடித்த இடத்தில் ஒரு பெருவிரல், அதன் ரேகை சுழி சுழியாக. கையெழுத்துக்குக் கீழே உள்ளங்கை வைத்து நீவிவிட்ட தடம். வெறுங்கண்ணுக்கு மூலைகளைத் தவிர சுத்தமாக இருந்த காகிதத்தில் ஒரு முழுக் கை படுத்திருந்தது. இப்படி ஒன்று இத்தனை நேரமும் நம் கண்முன்னால் இருந்ததா என்று எனக்கு மேல் சிலிர்த்துப் போனது.

அக்கா யாரையும் கேட்கவில்லை. வளையலை மேலே தள்ளிவிட்டு, தன் வலது கையை விளக்குக்கு அடியில் நீட்டினாள்.

"அம்மே, ஒன்னு அனங்கல்லே" என்று அந்தப் பெண் அவள் மணிக்கட்டை ஆடாமல் பிடித்தாள். ஐந்து விரலும் ஒளிர்ந்தன. நகக்கண்களில் கோடு கோடாக ஒளிர்ந்தது. உள்ளங்கை ரேகை ஒவ்வொன்றிலும் வெளிச்சம் ஓடியது. சோப்புப் போட்டுக் கழுவிய கை அது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பியூன் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். அந்தப் பெண் தன் கையையும் அடியில் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. நானும் வைத்தேன். செத்த மீன் மாதிரி வெளிறிக் கிடந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பொடி அரைப்பது எனக்குத் தெரியும். எவ்வளவு அரைத்திருக்கிறாள் என்பது தெரியாது. அந்தக் கையைப் பார்த்த பிறகு, கணக்கில் கிடந்த பணம் முழுவதையும் ஒரே இடத்தில் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. அக்காவோ, "இத்தனை நாளா இது இப்படித்தான் இருந்துதா?" என்று குழந்தை மாதிரி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செக்கின் மேல் இருந்த பெருவிரலையும் அக்காவின் பெருவிரலையும் அந்தப் பெண் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஆதார் கார்டு, புதுக் கையெழுத்து, அக்கா கைப்பட ஒரு கடிதம் என்று எல்லாம் வாங்கினாள். கடைசியாக ஒன்று பாக்கி என்றாள். பதிவுசெய்த நம்பருக்கு வங்கியிலிருந்து கூப்பிட்டு, சம்மதம் கேட்க வேண்டுமாம். எங்கள் முன்னாலேயே டயல் செய்தாள். அக்காவின் பைக்குள் மணி அடித்தது. அக்கா எடுத்துப் பார்த்தாள்.

"கள்ளன்மாருக்கு வேற வேலையே இல்லை" என்று பட்டென்று கட் செய்தாள்.

அப்போதுதான் அந்தப் பெண் சிரித்தாள். வீட்டுக்காரர்கூடச் சிரித்துவிட்டார். இரண்டாம் தடவை போனை அக்காவின் காதில் நானே பிடித்தேன். ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தவளிடம், "ஆமா, நான்தான் எழுதினேன். ஆமா, குடுத்திருங்க" என்று சத்தமாகச் சொன்னாள் அக்கா. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரரின் போனில் செய்தி வந்து விழுந்தது. அவர் எழுந்து நின்று கைகூப்பினார். "இனி அது சேச்சியுடெ வீடு" என்றார்.

வெளியே வந்ததும் எனக்கு ஒரு சாயா குடித்தால் தேவலை போல இருந்தது. அக்கா நிற்கவில்லை. நேராக எதிரே இருந்த இரும்புக்கடைக்குள் போனாள். ஒரு சுத்தியலும் ஒரு ஆணியும் வாங்கினாள். ஒரே ஒரு ஆணியா என்று கடைக்காரர் கேட்டதற்கு, ஒன்று போதும் என்றாள்.

வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல், ஸ்டூலைப் போட்டு ஏறினாள். காரை உதிர உதிர சுவரின் நடுவில் ஆணியை அடித்து இறக்கினாள். இறங்கி, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள்.

"என்னக்கா மாட்டப்போற?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் மாட்டல்லை" என்றாள். "ஆர்ட்டயும் கேக்காம ஒரு ஆணி அடிக்கணும்னு இருந்துது. அவ்வளவுதான்."