நந்தினியின் லேப்டாப் கண் திறந்த காலை

ஆயுத பூஜை வந்துவிட்டால் கோபிக்குக் கை நிற்காது. அடி அண்ணாமலை கிராமத்தில் அவன் வீட்டில் பொட்டுக்குத் தப்பிய பொருள் எதுவும் கிடையாது. பைக், பம்ப்செட், மிக்ஸி, பீரோ என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் அப்பிவிடுவான். பக்தி ஜாஸ்தி, நிதானம் கம்மி. அந்த வருஷம் மனைவி நந்தினியின் ஆபீஸ் லேப்டாப்பும் சாமி படத்துக்கு முன்னால் மூடிய மேனிக்கு உட்கார்ந்திருந்தது. பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது என்று அவளும் இரண்டு நாள் அதன் பக்கம் போகவில்லை.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குத் திறந்தாள். திரை கறுப்பாகவே இருந்தது. சார்ஜரைச் செருகினாள், ஓரத்தில் எரிய வேண்டிய சின்ன விளக்கு எரியவில்லை. வேறு பிளக் பாயிண்டில் போட்டுப் பார்த்தாள். பட்டனை அழுத்திப் பிடித்தாள். ஒரு அசைவும் இல்லை.

அவள் முன்பு சென்னையில் ஹாஸ்டலில் தங்கி, ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலை பார்த்தவள். மகள் கவிநிலாவை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும். அவள் பஸ் ஏறப் புறப்படும்போதெல்லாம் குழந்தை அழும். ஒரு வாரம் அழவில்லை, பழகிவிட்டது. அதைத்தான் நந்தினியால் தாங்க முடியவில்லை. கெஞ்சிக் கூத்தாடி, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது.

லேப்டாப் பழுதானால் சரியாகும்வரை சென்னை ஆபீஸுக்கு வர வேண்டும் என்பது கம்பெனி விதி. இப்படி "ரெண்டே நாள்" என்று போன இரண்டு பேர் இன்னும் வீடு திரும்பவில்லை. வந்தது வந்துவிட்டாய், இங்கேயே இரு என்று சொல்லிவிட்டார்கள்.

மேனேஜர் போனில் அதிகம் பேசவில்லை. "பன்னெண்டுக்குள்ள ஆன் ஆகலேன்னா கெளம்பி வந்துடுங்க நந்தினி."

கோபி பரண்மேலிருந்து பழைய பயணப் பையை இறக்கி வைத்தான். காலாண்டு லீவில் இருந்த கவிநிலா அதைப் பார்த்தாள். நேராகப் போய்ப் பைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

லேப்டாப்பைக் கவனிக்கும் பிரிவில் அருண்பிரசாத் என்பவன் போனில் கிடைத்தான். அவன் சொன்னபடியெல்லாம் நந்தினி செய்தாள். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பட்டனை அறுபது எண்ணும்வரை அழுத்தினாள். மறுபடி செருகினாள். விளக்கு எரியவில்லை.

"தண்ணி, காபி எதுனா கொட்டிச்சா மேடம்?"

"சத்தியமா இல்லைங்க."

அவன் கொஞ்சம் யோசித்தான். "பூஜை போட்டீங்களா?"

"போட்டோம்."

"சார்ஜர் பின் முழுசா உள்ள போவுதான்னு பாருங்க."

நந்தினி பார்த்தாள். பின் பாதியில் நின்றது. துளைக்குள் டார்ச் அடித்தாள். உள்ளே குங்குமம் கலந்த சந்தனம் காய்ந்து கல்லாக அடைத்திருந்தது.

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். "இன்னாங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"பைக்குக்குப் பெட்ரோல் மூடியில வெக்கிறோம்ல," என்றான் கோபி. "இதுக்கும் சாப்பாடு போற எடத்துல வெச்சேன். நேத்து ஈரத்துணியால தொடச்சும் வுட்டேனே."

துடைத்த லட்சணத்தில் மிச்சமும் உள்ளே போயிருந்தது. போனில் அருண்பிரசாத் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. "காலையிலேருந்து நீங்க மூணாவது ஆளு மேடம். ஷட்டவுன் பண்ணாம மூடி வெச்சதுல பேட்டரி காலியாயிருக்கும். சார்ஜரை மொதல்ல கழட்டுங்க. தண்ணி படவே கூடாது. குச்சியால மெதுவா சொரண்டுங்க."

கோபி துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவி, சீவிக் கொடுத்தான். அவன் முனையைப் பார்த்துப் பார்த்துச் சீவியதைக் கண்டதும் நந்தினிக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. கால் மணி நேரம் சுரண்டினாள். பொடிப்பொடியாகச் சந்தனம் உதிர்ந்தது. சார்ஜர் பின் இந்த முறை கடைசிவரை உள்ளே போனது.

சின்ன விளக்கு எரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"காரணம் இன்னான்னு எழுதட்டும் மேடம்?" என்றான் அருண்பிரசாத். அவனே பதிலும் சொன்னான், "சார்ஜர் லூஸ்னு போட்டுடறேன். அடுத்த வருஷம் மூடி மேல மட்டும் வெக்கச் சொல்லுங்க."

பதினொன்றே முக்காலுக்கு அவள் வேலையில் இருந்தாள். கவிநிலா இன்னும் பைமேல்தான் உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப நீ ஊருக்குப் போவலியா?"

"போவலடி."

கவிநிலா எழுந்தாள். பையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் அப்பாவின் காலடியில் போட்டாள்.

"மேல வெச்சுடுப்பா. எனக்கு எட்டாத எடத்துல இல்ல, அம்மாவுக்கு எட்டாத எடத்துல."