மூன்றை அழுத்தினால் வருகிறவர்

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு பதறுகிற ஒருவரிடம், மெக்கானிக் வந்து கதவைத் திறக்கும்வரை பேசிக்கொண்டே இருப்பதற்கு என்ன பெயர்? அது வேலையா, பழக்கமா, நல்ல குணமா? ஒரு வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தபோது யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும்தான்.

அதைச் செய்துவந்தவருக்கு அலுவலகத்தில் பெயர் மூணு. லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த நிறுவனத்துக்கு போன் செய்தால் முதலில் பதிவு செய்த குரல் ஒன்று வரும். கட்டணம் கேட்க ஒன்று, புது லிஃப்ட் வாங்க இரண்டு, உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் மூன்று என்று சொல்லும். மூன்றை அழுத்தினால் இவர் எடுப்பார். மெக்கானிக்குகள் ‘மூணு’ என்று கூப்பிட ஆரம்பித்து, மேலாளர்வரை அதுவே நின்றுவிட்டது. அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

எந்தக் கட்டடம் என்று கேட்டு மெக்கானிக்கை அனுப்பியதும் போனை வைத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. மூணு வைத்ததே இல்லை. “வீட்டுக்குப் போனதும் முதல்ல என்ன செய்வீங்க?” என்று ஆரம்பிப்பார். மூச்சு முட்டுகிறது என்று அழுதவர்கூட, சற்று நேரத்தில் மச்சானோடு போட்ட சண்டையைச் சொல்லிக்கொண்டிருப்பார். கதவு திறக்கும்போது கதை பாதியில் நிற்கிறதே என்று சிலருக்கு வருத்தமாகக்கூட இருக்கும். கடைசியாக ஒன்று மட்டும் எல்லோரிடமும் சொல்வார்: கதவு முழுசாகத் திறக்கும்வரை காலை வெளியே வைக்காதீர்கள்.

மேலாளருக்கு இதில் உடன்பாடில்லை. வருடா வருடம் மதிப்பீட்டில் ‘தேவைக்கு மேல் பேசுகிறார்’ என்று எழுதி, சம்பள உயர்வை ஓரமாகத் தள்ளி வைத்துவிடுவார்.

ஒருநாள் அவர் காகிதக் கோப்பையில் டீயோடு வந்து நின்று, மூணின் நாற்காலியையே ஓரமாகத் தள்ளினார். இனி போனை இயந்திரம் எடுக்குமாம். இன்னும் சில மாதங்கள்தானாம். உங்கள் திறமைக்கு வெளியே நல்ல இடம் கிடைக்கும் என்று ஆறுதலும் சொன்னார். அந்தத் திறமையைப் பற்றி அவர் பேசியது அதுவே முதல்தடவை.

வீட்டில் நிலைமை இழுபறி. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிறவர். அவர் வருமானம் வாடகையைத் தாண்டி அதிக தூரம் போகாது. மகன் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தான். அந்த நாற்காலி போவதற்குள் இன்னொன்று கிடைத்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வந்தாள். ஒரு வேலையில் உட்காரும்போதே அடுத்த வேலைக்குத் துண்டு போட்டு வைக்கிறவள். வேலை தேடுபவர்களும் ஆள் தேடுபவர்களும் ஒருவரையொருவர் நோட்டம் விடும் இணையதளத்தில் சித்தியின் பக்கத்தைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். என்றோ யாரோ போட்டுக்கொடுத்த பக்கம். குடும்பப் படத்திலிருந்து வெட்டிய முகம், பக்கத்தில் கணவரின் பாதிக் காது. வேலை என்ற இடத்தில், ‘போன் எடுப்பது.’

“இதைப் பார்த்தா யாரும் கூப்பிட மாட்டாங்க சித்தி. பாவம்னு வேணா நினைப்பாங்க.”

“நான் செய்றதைத்தானேடி போட்டிருக்கேன்?”

“செய்றதைப் போடக்கூடாது. செஞ்சதால என்ன ஆச்சுன்னு போடணும்.”

“என்ன ஆச்சு? கதவு திறந்துச்சு, போயிட்டாங்க.”

அக்கா மகள் பெருமூச்சு விட்டுத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். போன் எடுப்பவர், நெருக்கடி நேரத் தொடர்பு வல்லுநர் ஆனார். தேவைக்கு மேல் பேசுகிறவர், வாடிக்கையாளருடன் நீடித்த உறவை வளர்ப்பவர் ஆனார். மச்சான் சண்டை கேட்பது, பதற்றம் தணிக்கும் தனித்துவமான உரையாடல் முறை ஆனது. மூணு ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தார். பொய் என்று ஒன்றைக்கூடச் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஆனாலும் யாரையோ பற்றிப் படிப்பது போலிருந்தது.

படமும் புதிதாக எடுத்தார்கள். அக்கா மகளின் கோட்டு சித்திக்குப் பற்றவில்லை. முதுகுத் தையலைப் பிரித்துத் திறந்துவிட்டு, முன்பக்கம் மட்டும் ஊசி குத்தி நிறுத்தினார்கள். கணவர் மேஜை விளக்கைத் தூக்கிப் பிடித்தார். படம் வந்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

“இந்தம்மா நம்ம வீட்டுக்கு வந்தா நான் எழுந்து நிப்பேன்.”

“இருக்கிறவ கூப்பிட்டா எழுந்திருக்க மாட்டேங்கிறீங்க. உட்காருங்க.”

ஒரு பயம் மட்டும் இருந்தது. வேலை தேடுவது மேலாளர் கண்ணில் பட்டால் இன்றே கிளம்பு என்றுவிடுவார். அதனால் நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு, ‘ஒரு முன்னணி நிறுவனம்’ என்று போட்டாள் அக்கா மகள். லிஃப்ட் என்ற சொல்லே எங்கும் இல்லாமல் பார்த்துக்கொண்டாள். சித்தியின் பெயரைப் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி, அப்பா பெயரோடு சேர்த்து நீளமாகப் போட்டாள். அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் கூப்பிட்டால் மூணே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அழைப்புகள் வர ஆரம்பித்தன. ஒருவர் காப்பீடு விற்கக் கூப்பிட்டார். இன்னொருவர், மலையேறப் போய்க் காணாமல் போனவர்களைத் தேடும் குழுவுக்குத் தலைமை தாங்க முடியுமா என்று கேட்டார். மூணு குடியிருந்தது மூன்றாவது மாடியில். லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்ப்பவரின் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. காய்கறிப் பையோடு ஏறும்போதே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறவர், மலை வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் ஒரு பெண் கூப்பிட்டாள். நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவள் தொழில். பேச்சில் அவசரம் இருந்தாலும் மரியாதை இருந்தது.

“எங்க க்ளையன்ட் ஒரு முன்னணி நிறுவனம். பேரைக் கடைசி ரவுண்டுலதான் சொல்வோம்.”

“நானும் ஒரு முன்னணி நிறுவனத்துலதாங்க இருக்கேன். நானும் பேரு சொல்ல முடியாது.”

இருவருக்கும் இது திருப்தியாக இருந்தது. மூடிய இடத்தில் சிக்கி பயந்துபோன ஒருவரிடம் எப்படிப் பேசுவீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். மூணு சொல்லச் சொல்ல, அவள் தன் பழைய வாடகை வீட்டின் உரிமையாளர் முன்பணத்தைத் திருப்பித் தராத கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். முடிக்கும்போது குரலில் அவசரமே இல்லை. நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், இனி நேர்காணல் மட்டும்தான் என்றாள்.

போட்டிக் கம்பெனியாகத்தான் இருக்கும் என்று மூணு கணக்குப் போட்டார். பல்வலி என்று விடுப்பு எழுதிக்கொண்டு போய் நின்றார். மேலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். நாளைக்குத் தானும் வெளி வேலையாகப் போவதாகச் சொன்னார்.

நேர்காணல் அந்தப் பெண்ணின் அலுவலகத்தில் நடந்தது. ஊசி குத்திய கோட்டோடு, முதுகைச் சுவர்ப் பக்கமே வைத்தபடி மூணு அறைக்குள் நுழைந்தார். மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெண் அதிகாரி. இன்னொருவர் மேலாளர்.

“மூணு? இங்க என்ன பண்றீங்க? பல்வலின்னீங்க?”

“நீங்க வெளி வேலைன்னீங்களே சார்?”

“இதுதான் வெளி வேலை.”

விஷயம் இதுதான். இயந்திரத்தைப் பரிசோதித்துப் பார்த்திருந்தார்கள். உள்ளே மாட்டியவர்களிடம் அது, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொன்னதாம். கேட்டவர்கள் கதவை உதைத்தார்களாம். லிஃப்ட் பழுதைவிடக் கதவுப் பழுது அதிகமாகிவிட்டது. அதனால் இயந்திரத்துக்குப் பேசக் கற்றுக்கொடுக்க, வெளியிலிருந்து ஒரு வல்லுநரைத் தேடினார்கள். அலுவலகத்தில் தெரியக்கூடாது என்று பெயரை மறைத்துத் தேடினார்கள். இவரும் மறைத்திருந்தார். முகமூடி போட்ட இரண்டு பேர் கூட்டத்தில் இடித்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

இவரைத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார்.

“நம்ம ஆஃபீஸ்தான் மேடம். போன் எடுக்கிறாங்க.”

அதிகாரி, ஆள் பிடிக்கும் பெண் படமில்லாமல் அனுப்பியிருந்த தாளைப் பார்த்துவிட்டு மூணைப் பார்த்தார். “போன் எடுக்கிறீங்களா, இல்ல இதுல இருக்கிறதைச் செய்றீங்களா?”

அக்கா மகள் எழுதினாள் என்று சொல்லிவிட்டுக் கும்பிடு போட்டு வந்துவிடலாம் என்று மூணுக்குத் தோன்றியது. வீட்டில் மகனின் புத்தகங்களும், விளக்கைத் தூக்கிப் பிடித்த கையும் நினைவுக்கு வந்தன. எத்தனையோ பேருடைய பதற்றத்தை ஆற்றியவருக்குத் தன் பதற்றத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. வழக்கப்படி வாயைத் திறந்தார்.

“ரெண்டும் ஒண்ணுதாங்க மேடம். போன் எடுக்கிறதுன்னா எங்க சாருக்குப் புரியும். அதுல இருக்கிற மாதிரி சொன்னா உங்களுக்குப் புரியும்.”

மேலாளர் இருமினார். தேவைக்கு மேல் பேசுவார், பிடித்தால் விட மாட்டார் என்று எச்சரித்தார். அதிகாரி தாளை மேலாளர் பக்கம் திருப்பினார். ‘நீடித்த உறவை வளர்ப்பவர்’ என்ற வரிக்குக் கீழே பச்சை மையில் கோடு. பக்கத்தில் மேலாளரின் சொந்தக் கையெழுத்தில், ‘இவர்தான் நமக்கு வேண்டும்.’

வேலை மூணுக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. ஆனால் விதி குறுக்கே நின்றது. ஏற்கெனவே இருப்பவருக்கு அந்தப் பதவியைத் தரவேண்டுமானால் மதிப்பீடுகள் நன்றாக இருக்க வேண்டும். அவற்றை எழுதியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வெளி ஆளுக்கு அந்த நிபந்தனை கிடையாது. ஆகவே மூணு முதலில் வெளி ஆளாக வேண்டும். இப்போதே ராஜினாமா எழுதிக் கொடுங்கள், நியமன உத்தரவு பின்னால் வரும் என்று மேலாளர் பேனாவை நீட்டினார்.

மூணு பேனாவைத் தொடவில்லை.

“உத்தரவைக் கையில குடுங்க சார், எழுதித் தர்றேன். கதவு முழுசா திறக்கிறதுக்கு முன்னாடி காலை வெளிய வைக்கக்கூடாதுன்னு ஊருக்கே சொல்றவ நான்.”

அதிகாரி சிரித்துவிட்டார். உத்தரவு வந்த பிறகுதான் மூணு கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை வழியனுப்பு விழா. ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு. திங்கட்கிழமை வரவேற்பு விழா, அதே அறையில். மேலாளர் புது வல்லுநரின் நீளமான பெயரை ஒரு சீட்டைப் பார்த்துப் படித்தார். மூணு உட்பட யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. “நம்ம மூணுதான்” என்று ஒரு மெக்கானிக் சொன்ன பிறகுதான் கைதட்டல் வந்தது. ஒரு நாற்காலியிலிருந்து அடுத்த நாற்காலிக்கு ஆளைக் கொண்டுவந்து சேர்த்ததற்காக, ஆள் பிடிக்கும் பெண்ணுக்குக் கமிஷன் போனது. கடிகாரத்தைப் புது மேஜைக்கு மேலேயே மாட்டிவிட்டார்கள்.

இப்போது இயந்திரம், வீட்டுக்குப் போனதும் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறது. உதைகள் குறைந்துவிட்டன. அது எல்லாவற்றையும் கற்றுக்கொண்ட பிறகு என்ன ஆகும் என்று மூணுக்கு உள்ளுக்குள் உதைப்பு உண்டு. அக்கா மகளுக்குக் கவலையே இல்லை. ‘இயந்திரத்துக்கே பேசக் கற்றுக்கொடுத்தவர்’ என்று சித்தியின் பக்கத்தில் அன்றைக்கே ஏற்றிவிட்டாள். கணவர் மட்டும், இனி எழுந்து நிற்க வேண்டுமா என்று கேட்டார். நின்றதுதான் நின்றீர்கள், கீழே போய்ப் பால் வாங்கி வாருங்கள் என்று பதில் வந்தது.

உங்கள் வீட்டிலும் யாராவது, ‘நான் சும்மா போன் எடுக்கிறேன்’, ‘சும்மா கணக்கு பார்க்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களுடைய மேலாளரைத் தெரியுமென்றால், அவரிடம் முதலில் சொல்லுங்கள்.