களத்தில் எடுத்த பேட்டி

புவியியல் முதுகலை ஆய்வுக்கு எங்கள் ஊர் அறுவடைக் கூலியைத் தலைப்பாக எடுத்தேன். கூலிச் சண்டையில் பக்கத்து ஊரில் குடிசைகள் எரிந்திருந்த நேரம். வீடு வீடாகப் போகப் பயந்து மிராசுதாரிடமே அனுமதி கேட்டேன்.

"எதுக்கு அலையிறே? எல்லாரையும் களத்துக்கே வரச் சொல்றேன்" என்றவர், அன்று என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மடையன் நான், அதை உதவி என்று நினைத்தேன்.

வரிசையில் அப்பாவும் நின்றார். தோள்துண்டு இடுப்புக்கு இறங்கியிருந்தது. கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று கேட்டேன். முந்தின நாள் வீட்டில் அரைக்கூலியைச் சொல்லித் திட்டித் தீர்த்தவர், என் முகத்தைப் பார்க்காமல், "கொறையில்லாம அளக்குறாங்க சார்" என்றார்.

மறுவாரம் தலைப்பை மண் வகைகள் என்று மாற்றினேன். நெறியாளர் காரணம் கேட்டார்.

"மண்ணு யாருக்கும் பயப்படாது சார்."